சுமலதா கட்டிய கயிறுகள்

என் மனைவி சுமலதாவின் மேல் எனக்குப் பொறாமை. இதை மறைத்து வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எழுதினால் ஒரு வரிகூட உருப்படியாக வராது; அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் வயிறெரிகிறவர்கள் இருக்கிறார்கள். கூட வேலை பார்க்கிறவனுக்குப் பதவி உயர்ந்தால் தூக்கம் கெடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது. எனக்கு வயிறெரிந்தது, வீட்டில் எனக்குச் சோறு போடுகிறவளின் பத்து விரல்களைப் பார்த்து.

சுமலதாவுக்குப் பாரூர்ப் பக்கம். ஏரிக் கால்வாய் பாய்கிற ஊர், நெல்லும் கரும்பும். ஆனால் நிலமெல்லாம் மற்றவர்களுடையது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அந்த நிலங்களில் நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் பிழைத்தவர்கள். பன்னிரண்டாவது பரீட்சை எழுதிய அடுத்த மாதம் ஓசூர்க் கம்பெனி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஊரிலிருந்து ஏழு பெண்கள் ஒரே வேனில் கிளம்பினார்கள். ஆறு பேர் ஒவ்வொருவராகத் திரும்பிவிட்டார்கள். இவள் திரும்பவில்லை. இன்றைக்கு விமானங்களுக்கு வயர் கட்டித் தரும் அந்தக் கம்பெனியில் அவள் நான்காம் நம்பர் மேஜைக்காரி.

வயர் கட்டுவது என்றால் ஏதோ பிளாஸ்டிக் கவ்வியை மாட்டி இழுப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நூறு இருநூறு வயர்களை ஒரு கற்றையாகச் சேர்த்து, மெழுகு பூசிய நாடாவால் இத்தனை மில்லிமீட்டருக்கு ஒரு முடிச்சு என்று கையாலேயே கட்ட வேண்டும். விமானம் எவ்வளவு குலுங்கினாலும் முடிச்சு அவிழக் கூடாது. வயரை நெரிக்கவும் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை பரீட்சை வைப்பார்கள். தேறாவிட்டால் மேஜை போய்விடும். பதினோரு வருஷத்தில் அவள் கட்டியதில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லையாம். இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

என்னைப் பற்றிக் கேட்காமலே சொல்வேன். என் பெயர் மாதேஷ். சிப்காட்டில் ஒரு வார்ப்புக் கம்பெனியில் பேட்டர்ன் மேக்கர். உருக்கிய உலோகத்தை ஊற்ற மணலில் ஒரு பள்ளம் வேண்டும். அந்தப் பள்ளம் விழ மரத்தில் ஓர் உருவம் வேண்டும். அந்த மர உருவத்தைச் செய்கிறவன் நான். பத்தொன்பது வருஷமாகச் செய்கிறேன். தேக்கில் அரை மில்லிமீட்டர் எடு என்றால் அரை மில்லிமீட்டர்தான் எடுப்பேன். மாதேஷ் உளி பட்ட மரத்துக்கு உப்புக் காகிதம் தேவையில்லை என்று கம்பெனியில் சொல்வார்கள். யாரும் சொல்லாத நாட்களில் நானே சொல்லிக்கொள்வேன்.

ஓசூரில் சிறுதொழில்காரர்கள் சங்கம் ஒன்று வருஷா வருஷம் தொழிலாளர்களின் கைவேலைக் கண்காட்சி நடத்துகிறது. முதல் வருஷம் தேர் செய்து வைத்தேன், ஆறுதல் பரிசு. அடுத்த வருஷம் காளை வண்டி. அதற்கும் ஆறுதல் பரிசு. ஆறுதல் பரிசு என்று பெயர் வைத்தவனை மட்டும் நேரில் பார்த்தால் நாலு கேள்வி கேட்பேன். யாருக்கு ஐயா ஆறுதல்? அந்த எவர்சில்வர் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே பரணில் தள்ளிவிட்டேன். அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் கம்பெனி வேலையாகப் பெங்களூருவில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று பாய்மரக் கப்பல் ஒன்று நின்றது. வருகிறவன் போகிறவன் எல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்தான். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். அடிப்பலகையில் இரண்டு இடத்தில் இடுக்கு விழுந்து மக்கு வைத்து அடைத்திருந்தான். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

"கடலே இல்லாத ஊருல கப்பலா? முடிச்சிட்டு எங்க வுடுவே, கேயார்பி டேம்லயா?" என்று சிரித்தான் தீர்த்தகிரி. எங்கள் மரப்பட்டறையில் என் பக்கத்து மேஜை அவனுடையது. சிரித்தவன்தான், ஆனால் நல்ல தேக்குத் துண்டு கழிவில் விழுந்தால் எனக்கென்று எடுத்து வைத்தான்.

வரைபடத்தை இணையத்தில் பிடித்து ஜெராக்ஸ் கடையில் தாள் தாளாக எடுத்தேன். படம் சின்னது, ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் அளவு எண்ணாகப் போட்டிருந்தது. கம்பெனி அலமாரியில் சும்மா கிடந்த ஒரு பழைய ஸ்டீல் ஸ்கேலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முன்னறை மேஜை கப்பலுக்கு என்று ஆனது. எட்டு மாதம். விலா எலும்பு போல முப்பது சட்டங்கள், அதன் மேல் தீக்குச்சி கனத்தில் தேக்குப் பட்டைகள், தளம், பீரங்கி வாய்கள், மூன்று பாய்மரங்கள். மக்கு ஒரு பொட்டுக்கூட வைக்கவில்லை. மகள் யுவஸ்ரீ கிட்டே வந்தால்கூட "தொடாதே" என்று கத்துவேன். தெருவில் இருக்கிறவர்கள் வந்து பார்த்து வாய்பிளந்தார்கள். அந்த எட்டு மாதமும் நான் தரையில் நடக்கவில்லை.

பிறகு கயிறு வந்தது.

பாய்மரம் நிமிர்ந்து நிற்க இரண்டு பக்கமும் கயிறுகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தக் கயிறுகளுக்குக் குறுக்கே, மாலுமி மேலே ஏறுவதற்கு, ஏணிப்படி மாதிரி வரிசையாகச் சிறு கயிறுகள். படி எங்கெல்லாம் கயிற்றைத் தொடுகிறதோ அங்கெல்லாம் ஒரு முடிச்சு. எண்ணிப் பார்த்தேன்; தொள்ளாயிரத்துச் சொச்சம். என் அப்பா குந்தாரப்பள்ளிச் சந்தையில் மூக்கணாங்கயிறும் தலைக்கயிறும் விற்றவர். கயிற்றுக்காரன் பிள்ளைக்கு முடிச்சு ஒரு பெரிய விஷயமா என்று உட்கார்ந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. இருபத்திரண்டு முடிச்சு விழுந்தது. ஒரு படி மேலே ஏறியது, ஒரு படி கீழே தொங்கியது. துணி காயப்போட்ட கொடி மாதிரி இருந்தது.

அன்றைக்குச் சுமலதா முதல் ஷிஃப்ட் முடித்து வந்திருந்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, இது எங்க கம்பெனி முடிச்சிதான."

"எந்தக் கம்பெனி முடிச்சு? இது கப்பலு. வெள்ளைக்காரன் முடிச்சு" என்றேன்.

"எவன் முடிச்சா இருந்தா என்னா. இப்பிடி சுத்தி, இப்பிடி மேல வுட்டு, உள்ள வாங்கணும். நீங்க ரெண்டாவது சுத்த தலைகீழா போடுறீங்க. தள்ளுங்க."

உட்காரக்கூட இல்லை. குனிந்தபடியே ஒரு வரிசையில் எட்டு முடிச்சுப் போட்டுவிட்டு, பால் பொங்குவதற்குள் போய் அடுப்பை அணைத்தாள். நான் அந்த எட்டு முடிச்சையும் பார்த்தேன். எட்டும் ஒரே அளவு. படி நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவன் கதையாகிவிட்டது என் கதை. மூன்று வாரம் நான் பட்ட பாட்டை அவள் டீ போடுகிற நேரத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாள்.

வேறு வழி? கயிறு வேலையை அவளிடம் விட்டேன். "சும்மா கூடமாட ஒத்தாசை" என்று கேட்டவர்களிடம் சொல்லிவைத்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்து தினமும் ஒரு மணி நேரம் உட்காருவாள். இரண்டு மாதத்தில் தொள்ளாயிரமும் முடிந்தது. பார்க்க வந்தவர்களின் கண் இப்போது மரத்தில் நிற்கவில்லை. நேராகக் கயிற்றுக்குப் போனது. தீர்த்தகிரி வந்தான். என் பட்டைகளை எட்டு மாதமாகத் தடவிப் பார்த்தவன், அன்றைக்குக் கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்து கயிற்றை மட்டும் பார்த்தான்.

"மாதேசு, மரவேல நானும் பண்ணுவேன், நீயும் பண்ணுவே. இந்தக் கயிறு இருக்கு பாரு, இது நம்ம கையில வராதுடா" என்றான்.

"பசை போட்டா நிக்கும், என்னா பெருசா" என்றேன். பசை ஒரு சொட்டுகூட இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த வாரம் அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அந்த முடிச்சில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒரு வரிசையை ஊசியால் அவிழ்த்துப் பார்த்தேன். அவிழ்க்க வந்தது, திரும்பக் கட்ட வரவில்லை. சாயங்காலம் அவள் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "எலி" என்றேன். அவள் உட்கார்ந்து அந்த வரிசையைத் திரும்பக் கட்டினாள்.

மீதி இருந்தவை நீளக் கயிறுகள். பாய்மர உச்சியிலிருந்து கப்பலின் மூக்குக்கும் வாலுக்கும் போகிறவை, மொத்தம் நாற்பத்தாறு. அவற்றைக் கப்பலில் வைத்துப் பார்த்து வெட்டுவதுதான் என் யோசனை. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கம்பெனியில் விமானத்தைக் கண்ணாலும் பார்க்க மாட்டார்கள், வரைபடம்தான் விமானம். அதில் இருக்கிற அளவுக்கு வெட்டி, இரண்டு முனையும் முடித்து, பலகையில் ஆணி அடித்து விரித்துச் சரிபார்த்து அனுப்பினால், எங்கேயோ இருக்கிற விமானத்தில் அது போய்க் கச்சிதமாக உட்காரும். அப்படியேதான் இதையும் செய்தாள். தன் பெட்டியிலிருந்து தன்னுடைய ஸ்கேலை எடுத்து, ஒவ்வொரு கயிற்றையும் வரைபட அளவுக்கு வெட்டி, இரண்டு முனையிலும் வளையம் பின்னி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் சீட்டுக் கட்டினாள். ஆறு வாரம். வளையம் ஒவ்வொன்றும் கடுகு அளவு இருந்தது.

மாட்டிப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். தீர்த்தகிரியும் வந்திருந்தான். முதல் கயிற்றை உச்சியில் மாட்டி மூக்குக்கு இழுத்தாள். எட்டவில்லை. ஒரு விரல் கனம் குறைந்தது. அடுத்தது. அதுவும் எட்டவில்லை. சின்னக் கயிறுகள் கொஞ்சம் குட்டை, நீளக் கயிறுகள் நிறையக் குட்டை. நாற்பத்தாறில் ஒன்றுகூடச் சேரவில்லை.

எனக்கு அப்போது வந்தது சந்தோஷம். மறைப்பானேன்? பொங்கலுக்கு வேட்டி எடுத்த மாதிரி சந்தோஷம். அது முகத்தில் தெரியக் கூடாது என்று கோபமாக மாற்றிக் கத்தினேன்.

"ஏமே, பதினோரு வருஷமா அளந்து கிழிச்சது இதுதானா? ஏரோப்ளேனுக்கும் இப்பிடித்தான் கட்டி அனுப்புறியா? ஏறி உக்காந்தவன் கதி என்னாவறது!"

"வுடுடா" என்றான் தீர்த்தகிரி.

சுமலதாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கயிறுகளை நம்பர் வரிசையில் அடுக்கி, தன் ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாகத் திரும்ப அளந்தாள். வரைபடத்தைப் பார்த்தாள். திரும்ப அளந்தாள். "சரியாத்தான இருக்குது" என்று தனக்குள் முணுமுணுத்தாள். நாற்பத்தாறும் வரைபடப்படி சரி. கப்பலில் மட்டும் குட்டை. அவள் அதற்கு ஒரே காரணம்தான் கண்டுபிடித்தாள். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுக் கண் டாக்டரிடம் போனாள்.

அதே செவ்வாய்க்கிழமை கம்பெனியில் ஒரு புதுப் பையனுக்கு ஸ்கேல் எடுத்துக் கொடுக்க அலமாரியைத் திறந்தேன். எங்கள் தொழிலில் ஸ்கேல் ஒன்று அல்ல. உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் மர உருவத்தை அந்தச் சுருக்கத்துக்குத் தக்கபடி பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போடாமல் இருக்க, அளவே நீட்டிப் போட்ட ஸ்கேல்கள் வைத்திருப்போம். ஷ்ரிங்கேஜ் ஸ்கேல் என்போம். எஃகுக்கான ஸ்கேலில் நூறு என்று போட்டிருக்கிற இடம் உண்மையில் நூற்றிரண்டு. அலமாரியில் அந்த ஸ்கேல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அது என் வீட்டு மேஜையில் இருந்தது. அதை வைத்துத்தான் எட்டு மாதமும் அளந்திருக்கிறேன். முழுக் கப்பலும் நூற்றுக்கு இரண்டு நீண்டு நின்றது. பாய்மரம், தளம், மூக்கு எல்லாமே அதே கணக்கில் நீண்டதால் ஒன்றோடு ஒன்று பொருந்திவிட்டது, எனக்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து சரியான அளவோடு வந்தது அவள் கயிறு ஒன்றுதான். பத்தொன்பது வருஷம் இந்தத் தொழில் பார்த்தவன் செய்யக் கூடிய தப்பா இது? ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். நான் அதற்கும் ஒரு படி மேலே போயிருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வண்டியை மிதித்தேன். அவள் கண் டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு நல்லா இருக்குதாம். ஒண்ணும் இல்லியாம்" என்றாள். "அப்ப கையிதான் போச்சு போல."

இரண்டு வார்த்தை போதும். 'ஸ்கேல் தப்பு' என்று சொன்னால் முடிந்தது. வாய்வரை வந்தது. ஆனால் அந்த வீட்டில் மூன்று மாதமாக முதல் தடவையாக நான் அவளுக்கு மேலே நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தை விட்டு இறங்க எனக்கு மனசு வரவில்லை.

"பரவால்ல வுடு. தப்பு யாருக்கும் வர்றதுதான். நான் பக்கத்துல இருந்து அளவு சொல்றேன், நேரா கப்பல்லயே வெச்சிக் கட்டு" என்றேன். பெரிய மனுஷன்! மன்னிக்கிற முகத்தோடு சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆறு வார வேலையைக் குப்பையில் போட்டுவிட்டு, நாற்பத்தாறு கயிற்றையும் புதிதாகக் கட்டினாள். ஒவ்வொன்றை வெட்டும்போதும் "இங்கியா? வெட்டட்டுமா?" என்று என்னைக் கேட்டுக் கேட்டு வெட்டினாள். அப்படிக் கேட்டுச் செய்கிறவள் அல்ல அவள். எனக்கு அது பிடித்திருந்தது.

மூன்றாவது ஞாயிறு கண்காட்சி. கல்யாண மண்டபத்தில் நடு மேஜையில் கப்பல். பித்தளைத் தகட்டில் 'மாதேஷ், பேட்டர்ன் மேக்கர்' என்று வெட்டி முன்னால் திருகியிருந்தேன். நடுவராக வந்தவர் பெங்களூருக்காரர், வயசானவர், கப்பலைப் பத்து நிமிஷம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி ஏணிப்படிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார்.

"ஈ கண்ட்டு யாரு ஹாக்கித்து?" என்றார். இந்த முடிச்சு யார் போட்டது என்று கேட்டார். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நானே சார்" என்றேன்.

சுமலதா எனக்குப் பின்னால் டிஃபன் பையோடு நின்றிருந்தாள். ஓசூரில் இருக்கிறவளுக்கு அவ்வளவு கன்னடம் தெரியும். அவள் திரும்பி அடுத்த மேஜையில் இருந்த மண் பொம்மைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். கேடயத்தை வாங்கும்போது சங்கத்துத் தலைவர் என் கையைக் குலுக்கி, "என்ன விரல்யா!" என்றார்.

அடுத்த நாள் திங்கட்கிழமை சாயங்காலம் அவள் வந்தாள். பையை மாட்டிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள்.

"இன்னையிலேர்ந்து என்னைப் பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க."

"ஏன்? யாரு மாத்துனது?"

"நான்தான் எழுதிக் குடுத்தேன். போன வாரமே குடுத்தேன், இன்னிக்கு மாத்துனாங்க." காலைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "நாப்பத்தாறும் குட்டையாப் போனா என்னா அர்த்தம்? கப்பல்ல ஆனது வயர்ல ஆவாதுன்னு என்னா நிச்சயம்? நீங்கதான சொன்னீங்க, ஏறி உக்காந்தவன் கதி என்னான்னு. பேக்கிங்ல அட்டப்பொட்டிதான். குட்டையானா ஒருத்தரும் சாவ மாட்டாங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சமாதானம் சொல்லும் வேலையாவது கிடைத்திருக்கும். நான் எழுந்து போய் மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்தேன். அவள் பெட்டியைத் திறந்து அவளுடைய ஸ்கேலையும் எடுத்தேன். இரண்டையும் பூஜ்ஜியத்தில் சேர்த்து அவள் முன்னால் வைத்தேன். என் கம்பெனி ஸ்கேலில் முந்நூறு முடிகிற இடத்தில் அவள் ஸ்கேல் முந்நூற்று ஆறு காட்டியது. அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள்.

"எப்பத் தெரியும்?"

"இப்பதான்" என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. ஆனால் அவள் கண் ஸ்கேலை விட்டு என் மேல் வந்துவிட்டது.

"இருவது நாளா" என்றேன்.

அவள் இரண்டு ஸ்கேலையும் சேர்த்து என் கையில் கொடுத்து, "நாளைக்கு லீவு போடுங்க. எங்கூட வந்து சொல்லுங்க" என்றாள்.

அவர்கள் கம்பெனிக்குள் நான் முதல் முறை மறுநாள்தான் போனேன். வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, நீலக் கோட்டும் செருப்புக்கு மேல் ஓர் உறையும் கொடுத்தார்கள். அனுமதிச் சீட்டில் 'சுமலதா அவர்களின் கணவர்' என்று எழுதியிருந்தது. அவளுடைய சூப்பர்வைசர் பார்வதி, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் வருகிறவர். "பன்னி, உக்காருங்க" என்று கன்னடமும் தமிழுமாக வரவேற்றுக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார். நான் இரண்டு ஸ்கேலையும் மேஜை மேல் வைத்துச் சொன்னேன். கேட்டு முடிந்ததும் அவர் சுமலதாவிடம், "போம்மா, நாலாம் டேபிள்ல ஒரு சாம்பிள் கட்டு, இன்ஸ்பெக்டர் பார்க்கட்டும்" என்று அனுப்பிவிட்டு, ஒரு ஃபைலைத் திறந்து என் பக்கம் தள்ளினார். சுமலதாவின் கையெழுத்து.

"வீட்டில் நான் வரைபடம் பார்த்து வெட்டிய நாற்பத்தாறு கயிறுகளும் குட்டையாகிவிட்டன. மூன்று முறை அளந்தும் தப்பு எங்கே என்று தெரியவில்லை. கண் சரியாக இருப்பதாக டாக்டர் சொல்கிறார். கப்பலைச் செய்தவர் என் வீட்டுக்காரர். அவர் அளவு தப்பாது. ஆகவே தப்பு என் கையில்தான் இருக்க வேண்டும். விமான வயரில் இப்படி ஆவதற்கு முன் என்னை மேஜையிலிருந்து மாற்றிவிடவும்."

அவர் அளவு தப்பாது. அந்த ஒரு வரியை நான் எத்தனை தரம் படித்தேன் என்று தெரியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் என் வேலையைப் பற்றி இதைவிடப் பெரிதாக யாரும் எழுதியதில்லை. அதை எழுதி அவள் தன் மேஜையை விட்டுக் கொடுத்திருக்கிறாள். எலி என்று சொன்னவனை நம்பி எழுதியிருக்கிறாள்.

"இது ஃபைலுக்குள்ள போயிடுச்சு. சும்மா கிழிக்க ஆகாது" என்றார் பார்வதி. "ஏன்-ஏன் ஷீட் போட்டுத்தான் மூடணும். தப்பு பண்ணவங்க எழுதணும். இங்க அது நீங்கதான்."

அந்தத் தாள் எங்கள் கம்பெனியிலும் உண்டு; ஓசூரில் அதை எழுதாத தொழிலாளி யார்? ஏன் என்று கேட்டுப் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலுக்கு ஏன் என்று கேட்டு அதற்குக் கீழே எழுத வேண்டும். ஐந்தாவது ஏனில் மூல காரணம் வந்தாக வேண்டும். எழுதினேன். கயிறு ஏன் சேரவில்லை? கப்பல் நீண்டுவிட்டது. ஏன் நீண்டது? ஷ்ரிங்கேஜ் ஸ்கேலால் அளந்தேன். ஏன் தெரியவில்லை? எடுத்துவந்த ஸ்கேலைச் சரிபார்க்கவில்லை. தெரிந்த பிறகு ஏன் சொல்லவில்லை? பரிசு போய்விடும் என்று பயந்தேன்.

பார்வதி அதன் மேல் பேனாவை வைத்தார். "ஸ்கேல் தப்புன்னு பொண்டாட்டிகிட்டச் சொன்னா பரிசு எப்படிப் போகும் சார்?"

போகாது. எனக்கே தெரிந்தது. அந்த வரியை அடித்து, "அவள் குனிந்து நிற்பது பிடித்திருந்தது" என்று எழுதினேன். கடைசிக் கட்டம் மிச்சம் இருந்தது: அது ஏன்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான்காம் மேஜையில் சுமலதா உட்கார்ந்திருந்தாள். என்னைக் கேட்டுக் கேட்டு வெட்டிய கை, இங்கே யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி, மேலே விட்டு, உள்ளே வாங்கி, இழுத்து, அடுத்தது. பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நிற்பதுகூட அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அப்போதும் எனக்கு வயிற்றில் எரிந்தது. கட்டத்தில் ஒரு சொல்லை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன்.

சாம்பிள் தேறிவிட்டது என்று அவள் வந்தாள். தாளின் அடியில் இரண்டு கையெழுத்துக்கு இடம் இருந்தது. ஒன்று எழுதியவர், இன்னொன்று பாதிக்கப்பட்டவர். பார்வதி தாளை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"படிச்சிக் காட்டச் சொல்லுங்க மேடம். கையெழுத்துக்கு முன்னாடி படிச்சிக் காட்டணும், அதான ரூல்ஸ்."

படித்தேன். முதல் மூன்று வரி சாதாரணமாக வந்தது. நான்காவதில் குரல் இறங்கியது. ஐந்தாவதை முணுமுணுத்தேன்.

"கேக்கல" என்றாள்.

கண்ணாடி அறைக் கதவு திறந்திருந்தது. வெளியில் மேஜைகளில் நாடாவை இழுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தியிருந்தார்கள்.

"பொறாமை" என்றேன்.

சுமலதா பேனாவை வாங்கினாள். பெயர் எழுதினாள். தேதி போட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரமும் போட்டாள். தாளைப் பார்வதியிடம் கொடுத்துவிட்டு, பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டே தன் மேஜைக்குப் போனாள்.